இரும்பின் ஓசையும் தப்பின் ஓசையும்

இரும்பை இரும்பால் அடித்து எழுப்பும் ஓசை இசையாகுமா என்றொரு வாதம் அண்மைக் காலமாக எமது ஆசிரியர் ஓய்வறைகளிலே அடிக்கடி எழுகிறது. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ‘இண்டஸ்ட்ரியல் றொக்’ என்னும் மேலைநாட்டு இசையைக் கைத்தொலைபேசியிற் கேட்டு அதிலே மயங்கிக் கிடப்பதுதான் இவ்வாதத்துக்குக் காரணம். யந்திரத்தின் உறுமல், உலோகத் தட்டல், சிதைக்கப்பட்ட மின்கிற்றாரின் கீச்சொலி, தொண்டை கிழியும் அலறல் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்த இசை அது. மூத்த ஆசிரியர்கள் அதனைக் காட்டுக்கூச்சல் என்று ஒரே சொல்லால் தீர்த்துவிடுகின்றனர். “இதுதான் சேர் உண்மையான கலகம்” என்று மாணவர் மறுத்துரைக்கின்றனர். இரு சாராரும் ஓசையின் தன்மையைப் பற்றியே பேசுகின்றனர். அவ்வோசை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேளாமல் இவ்விசையைப் புகழ்வதும் பழிப்பதும் ஒன்றே என்பது எனது கட்சி.

அவ்விசையின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு இலண்டனில் ‘த்ரொபிங் கிரிசில்’ என்ற குழுவினர் தமது இசைத்தட்டு நிறுவனத்துக்கு ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கோர்ட்ஸ்’ என்று பெயர் சூட்டினர். நாளடைவில் அப்பெயரே ஓர் இசை வகையின் பெயராயிற்று. தொழிற்சாலைகளால் வளர்ந்து, தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் தேய்ந்துகொண்டிருந்த ஒரு தேசத்தின் ஓசை அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில் என்ற சொல் இருக்குமிடத்திலெல்லாம் தொழிலாளி இருப்பான் என்று நம்பிவிட முடியுமா? எமது தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர்கள் அப்படி நம்பமாட்டார்கள்.

இவ்வகை இசையிற் பெரும்புகழ் ஈட்டியது ‘நைன் இஞ்ச் நெயில்ஸ்’ என்னும் அமெரிக்கக் குழு. 1994 மார்ச்சில் வெளிவந்த அதன் இரண்டாவது இசைத்தட்டாகிய ‘த டௌன்வர்ட் ஸ்பைரல்’ எனது மாணவருக்கு வேதநூல் போன்றது. குழு என்று சொன்னாலும் ட்ரென்ட் ரெஸ்னர் என்னும் ஒருவரே அதன் மூளையும் கையும் குரலும் ஆவார். இவ்விசைத்தட்டை நான் முழுமையாக, பல தடவை கேட்டிருக்கிறேன். அதிலே திறமை இல்லை என்பவர் அதைக் கேளாதவர். ஒரு மனிதன் படிப்படியாகத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கதையை, யந்திர ஓசைகளையே நரம்பும் நாடியுமாகக் கொண்டு அது கூறுகிறது. பேரிரைச்சலுக்கு நடுவே திடீரென ஒரு மெல்லிய ராகம் தலைநீட்டும் இடங்களில், ஆசிரியனாகிய எனக்கே உடல் சிலிர்த்ததுண்டு.

எனினும் அந்த யந்திரங்களின் பக்கத்தில் ஆள் இல்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் குன்றொன்றின்மேல், 1969இல் நடிகை ஷரன் டேட்டும் அவருடைய நண்பர்களும் கொலையுண்ட அதே வீட்டை வாடகைக்கு எடுத்து, அதனுள்ளே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து அவ்விசைத்தட்டின் பெரும்பகுதியை உருவாக்கினார் ரெஸ்னர். ஓசைக்கு வேண்டிய யந்திரங்கள் அங்கே மின்கருவிகளின் வழியாக வந்தன. யந்திரத்தோடு நாள்தோறும் நின்று செவி மந்தமானவன் வரவில்லை. அணியிலக்கணம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே உவமேயம் ஒரு தனிமனிதனின் நொந்த உள்ளம், தொழிற்சாலை வெறும் உவமானம். உவமானத்தின் வேலை முடிந்ததும் அதை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இத்தகைய கலையை ‘நசிவுக் கலை’ என்று முத்திரை குத்திவிட்டு அப்பாற் செல்வது முற்போக்கு எழுத்தாளர் சிலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெஸ்னர் பென்சில்வேனியாவிற் பிறந்து கிளீவ்லாந்து நகரில் இசைவாழ்வைத் தொடங்கியவர். உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, ஒரு தலைமுறையே வேலையிழந்து நின்ற பிரதேசம் அது. அந்த மண்ணிலே முளைத்த விரக்திக்குச் சமூகக் காரணம் இல்லாமற் போகுமா? காரணம் உண்டு, ஆனால் இசைத்தட்டு அதை வெளியே சொல்வதில்லை. ‘உன் துயரம் உன்னுள்ளே பிறந்தது, உன்னோடே மடியும்’ என்பதே அதன் உபதேசம். பொகவந்தலாவையில் லயத்து அறையொன்றில், தகப்பனின் கடன் கணக்குக்கும் பரீட்சைப் பயத்துக்கும் நடுவே படுத்திருக்கும் பதினெட்டு வயதுப் பையனின் காதில் அவ்வுபதேசம் இரவு முழுதும் விழுவதை எண்ணித்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். அவனிடமிருந்து அதைப் பறிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அதே இரும்போசையைக் கொண்டு வேறொன்றைச் செய்தவர்களும் இருந்தார்கள் என்பதை அவன் அறியவேண்டும்.

யந்திர ஓசையைக் கலையாக்கும் முயற்சி பழையது. இத்தாலியில் லூயிஜி ருசோலோ 1913இல் இரைச்சலின் கலை பற்றி ஓர் அறிக்கை எழுதி, இரைச்சல் எழுப்பும் பெட்டிகளையும் செய்தார். அவருடைய கூட்டத்தார் யந்திரத்தைப் போற்றியதோடு நில்லாமல் போரையும் போற்றினர். அவர்களின் தலைவர் மரினெற்றி முசோலினியின் பக்கம் போய்ச் சேர்ந்தார். அதற்கு நேர்மாறான காட்சியொன்று 1922 நவம்பர் 7ஆந் திகதி காஸ்பியன் கடலோரத்து எண்ணெய் நகரமாகிய பாக்குவில் நிகழ்ந்தது. ஒக்டோபர் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவு அது. அர்செனி அவ்ராமோவ் என்பவர் தொழிற்சாலைச் சங்குகளையும் கப்பல்களின் ஊதல்களையும் புகையிரதங்களையும் பீரங்கிகளையும் மக்கள் கூட்டத்தின் குரலையும் ஒன்றிணைத்து நகரம் முழுவதையும் ஒரு வாத்தியமாக்கினார். வைகறையில் தொழிலாளியை எழுப்பி வேலைக்குத் துரத்தும் சங்கு, அன்று ஒரு நாளாவது அவனுடைய திருநாளுக்காக ஊதியது. சங்கும் ஓசையும் மாறவில்லை. ஊதச் சொன்னவர் மாறியிருந்தார்.

இவ்வழியில் வந்தவர்களுள் என் மாணவருக்கு நான் முதலில் அறிமுகப்படுத்துவது ‘டெஸ்ட் டிபார்ட்மென்ட்’ என்ற ஆங்கிலக் குழுவினரை. 1981இல் தென்கிழக்கு இலண்டனின் நியூ குரொஸ் பகுதியிலே இளைஞர் சிலர் சேர்ந்து அமைத்த குழு அது. தேம்ஸ் நதிக்கரையிலே துறைமுகங்கள் மூடப்பட்டு, பண்டசாலைகள் பாழடைந்து கிடந்த காலம். அவர்களிடம் விலையுயர்ந்த வாத்தியங்கள் இருக்கவில்லை. கைவிடப்பட்ட இடங்களில் துருவேறிக் கிடந்த பீப்பாய்களையும் தகடுகளையும் குழாய்களையும் சுருள்விற்களையும் பொறுக்கி வந்து சம்மட்டியால் அடித்தார்கள். மேடையிலே வியர்வை வழிய அவர்கள் அடிப்பதைப் பார்ப்பவர்க்குப் பட்டறைதான் நினைவுக்கு வரும். 1984இல் அவர்களது முதல் இசைத்தட்டு வெளியாயிற்று.

அதே ஆண்டு மார்ச்சில் பிரித்தானிய நிலக்கரிச் சபை 20 சுரங்கங்களை மூடி 20,000 பேரின் வேலையை ஒழிக்கும் திட்டத்தை வெளியிட்டது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறக்குறைய ஓராண்டு நீடித்த போராட்டம் அது. தாட்சரின் அரசாங்கம் பொலிஸ் படையையும் நீதிமன்றத்தையும் பத்திரிகைகளையும் ஒருங்கே அவர்கள்மீது ஏவிற்று. ஜூன் 18ஆந் திகதி ஓர்கிறீவ் என்னுமிடத்தில் குதிரைப் பொலிசார் தொழிலாளர் கூட்டத்தினுள் பாய்ந்து அடித்தனர். தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் சுரங்கத் தொழிலாளர் இப்போராட்டத்திலே மிக உறுதியாக நின்றவர்கள். அப்பள்ளத்தாக்குகளுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தேவாலயங்களிலும் தொழிலாளர் மன்றங்களிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஆடவர் சேர்ந்திசை அங்கே ஊர்தோறும் உண்டு. வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளரே ஒரு சேர்ந்திசைக் குழுவாகத் திரண்டனர். இரும்படிக்கும் இலண்டன் இளைஞர்கள் அவர்களோடு சேர்ந்து மேடையேறிப் போராட்ட நிதி திரட்டினர். அந்த உறவின் விளைவாக 1985இல் வெளிவந்ததே ‘ஷோல்டர் டு ஷோல்டர்’, அதாவது ‘தோளோடு தோள்’ என்னும் அவர்களது இரண்டாவது இசைத்தட்டு. அதன் உறையிலே இரு குழுக்களின் பெயரும் உண்டு.

அதைக் கேட்பவர்க்கு முதலில் ஒரு தடுமாற்றம் ஏற்படும். ஒருபுறம் தேவாலயத்திலே பழகிய, பல குரல்கள் இழைந்து உயரும் பண்டைய வேல்ஸ் மரபு. மறுபுறம் மொத்த இரும்பின் அறைதல். இரண்டும் ஒன்றோடொன்று இனிமையாக இழையவில்லை என்று விமரிசகர் குறைகூறலாம். அந்தக் குறையைத்தான் நான் அதன் நேர்மை என்பேன். இலண்டன் இளைஞர் முகத்திலே கரி பூசிக்கொண்டு சுரங்கத் தொழிலாளராக வேடம் போடவில்லை. தொழிலாளரும் நாகரிக இளைஞரின் மேடைக்கு ஏற்பத் தமது பாட்டைச் சுருக்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஓசையோடு வந்து பக்கத்திற் பக்கமாக நின்றனர். கலைஞன் தொழிலாளியைப் பற்றிப் பாடுவது வேறு. தொழிலாளி பாடுவதற்குத் தனது மேடையிற் பாதியைக் கொடுப்பது வேறு. எமது கவிஞர்களில் எத்தனை பேர் இரண்டாவதைச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே அதிகம்.

‘இது கலையன்று, பிரசாரம்’ என்ற பழைய பல்லவியை இங்கே யாரேனும் எடுப்பார்கள். ரெஸ்னரின் இசைத்தட்டும் பிரசாரம்தான். மனிதன் தனியன், அவனுடைய நோய்க்கு மருந்து அவனுடைய அழிவே என்னும் கருத்தை அது பிரசாரம் செய்கிறது. விற்பனையாகும் கருத்தைக் கலை என்றும், விலைபோகாத கருத்தைப் பிரசாரம் என்றும் அழைப்பது சந்தையின் இலக்கணம்.

வேலைநிறுத்தம் தோற்றது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1985 மார்ச் 3ஆந் திகதி, எவ்வித உடன்படிக்கையும் இன்றி வேலைக்குத் திரும்புவதென்று தீர்மானிக்கப்பட்டது. அடுத்தடுத்துச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிரித்தானியாவின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. பாட்டு ஒரு சுரங்கத்தைக்கூடக் காப்பாற்றவில்லை. பாட்டு அதற்காகப் பிறந்ததுமன்று. அடுப்பெரியாத வீட்டிலிருந்து வந்தவனைக் கைதட்டும் ஆயிரம் பேர் நடுவே நிறுத்தி, ‘நீ தனியன் அல்லன்’ என்று காட்டியதே அதன் பயன். இன்னொன்றும் சொல்லவேண்டும். அச்சேர்ந்திசையில் ஆடவரே இருந்தனர். அப்போராட்டத்தில் ஊர்தோறும் சமையற்கூடம் நடத்தி, மறியலிலும் நின்ற சுரங்கத் தொழிலாளரின் மனைவியரும் தாய்மாரும் அந்த இசைத்தட்டின் பெயரில் இல்லை. இது அந்தக் குழுவினர்க்கு மட்டும் உரிய குறையன்று என்பதைக் கீழே காண்போம்.

இனி எமது மலைகளுக்கு வருவோம். ‘தொழிற்சாலை இசையென்பது நகரத்தாருக்குரியது; பச்சைப் பசேலென்ற தேயிலை மலையில் அதற்கு என்ன வேலை?’ என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். நாட்காட்டிப் படத்தைப் பார்த்துத் தேயிலையை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. தேயிலைத் தோட்டம் என்பது கூரையில்லாத தொழிற்சாலை. செடிகளின் வரிசையும் கவ்வாத்தின் காலமும் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கிலோக் கணக்கும் யந்திரத்தின் பற்களைப் போல ஒன்றையொன்று பற்றிச் சுழல்வன. கூரையுள்ள பகுதியை எமது மக்கள் ‘ஸ்டோர்’ என்பர். பறித்த கொழுந்து வாடுவதற்கு மணிக்கணக்காகும். ஆகவே ஊர் உறங்கும் வேளையிலேதான் உருளைகள் சுழலத் தொடங்கும். வாட்டும் தட்டுகளின் கீழே விசிறிகளின் ஓயாத இரைச்சல், உருளைகளின் கனத்த சுழற்சி, உலர்த்தியின் உறுமல், சல்லடைகளின் குலுக்கல், அந்தத் தூசிக்குள்ளே இருமல். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே கெசல்கமு ஓயாவின் ஓசையைவிட இரவில் நெடுந்தூரம் கேட்பது இந்த ஓசைதான். என் மாணவரிற் பலர் இதற்குள்ளே உறங்கி இதற்குள்ளே விழித்தவர்கள். பிறகேன் அவர்கள் யந்திர இசையைத் தேடி அமெரிக்காவுக்குப் போகிறார்கள்?

ஏனெனில் வீட்டுப் பின்புறத்து ஓசைக்கு இங்கே எவரும் பெயர் கொடுக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா வருவோர் பரிசுத்த மரியாள் தேவாலயத்திலே ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லறையைத் தேடிப் பார்க்கின்றனர். உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் மறைந்தவர். இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த கவிஞரும் அறிஞரும் பெயரோடு நிலைத்திருக்கின்றனர். இலங்கையில் அவர் படம்பிடித்த தோட்டத் தொழிலாளருள் மிகப் பலர்க்குப் பெயர் இல்லை. முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது அன்று தொட்ட வழக்கம்.

ஓசைக்கும் இதே கதிதான். எமது மலைகளின் முதல் தொழிற்சாலைச் சங்கு தப்பு. இருள் விலகுமுன் லயத்து வாசல்களின் முன்னே தப்பை அடித்து ஆட்களை எழுப்புவார்கள். அவ்வோசை கேட்டதும் எழுந்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். பிந்தியவளுக்கு அன்றைய பேர் இல்லை, கிடைத்தாலும் அரைப்பேர். இங்கிலாந்தின் ஆலைகளிலே நீராவிச் சங்கு செய்த வேலையை இங்கே ஒரு மாட்டுத்தோலும் இரண்டு குச்சிகளும் செய்தன. துரைக்கு அது செலவற்ற கடிகாரம். ஆனால் அதே தப்பு மாலையிலே வேறு நாவால் பேசிற்று. காமன்கூத்திலே ரதியும் மதனும் ஆடுவதற்கு அது வேண்டும். சாவு வீட்டிலே துயரத்தை ஊருக்கு அறிவிக்க அது வேண்டும். திருவிழாவிலே சாமியை இறக்க அது வேண்டும். அடிமைப்படுத்தும் ஓசையும் ஆற்றுவிக்கும் ஓசையும் ஒரே தோலிலிருந்து பிறந்தன. மேலைநாட்டு இளைஞர் துருப்பிடித்த பீப்பாயிலே தேடியது எம்மிடம் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது.

இருந்தும் என்ன? நானறிந்த பாடசாலையொன்றில் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினரைத் தப்பு அடித்து வரவேற்கலாம் என்று ஒரு யோசனை கூறப்பட்டது. ‘பாடசாலையின் மானம் போய்விடும்’ என்று அந்த யோசனை கைவிடப்பட்டு, வழமைபோலப் பாண்ட் வாத்தியக் குழுவே அணிவகுத்தது. பாண்ட் முரசும் தட்டி முழக்கும் தோற்கருவிதான். அதற்குச் சாதி இல்லை. ஏனெனில் அது கப்பலில் வந்தது. எமது முரசுக்குச் சாதி உண்டு. அதுவும் கப்பலில்தான் வந்தது, ஆனால் கப்பலின் அடித்தட்டில்! இந்த மனப்பான்மைக்கு நாகரிகம் என்று பெயரிட்டிருக்கிறோம். மேடையிலே மார்க்சைப் பேசிவிட்டு வீட்டிலே சாதி பார்த்துச் சம்பந்தம் செய்யும் எமது அறிவாளி வர்க்கத்துக்கு இதைச் சுட்டிக்காட்டினால் கோபம் வருகிறது. வரட்டும்.

அவர்களின் மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை. என்னை உறங்கவிடாதது வேறொரு மறுப்பு. தலைமுறையாகத் தப்படித்து வந்த குடும்பத்தின் தகப்பன் ஒருவர் என்னிடம் கூறினார்: “சேர், எங்கப்பன் அடிச்சாரு, நான் அடிச்சேன். சாவு வீட்டு வாசல்ல நிப்போம், உள்ளுக்குக் கூப்பிட மாட்டாங்க. சாராயத்தக் கையில ஊத்துவாங்க. எம் மகன் கையில அத மட்டும் குடுத்துறாதீங்க.” இதற்கு என்ன விடை? ‘இது எமது பண்பாட்டுச் செல்வம், ஐயா’ என்று பேராதனையிலே தமிழ் கற்ற வாய் சொல்லலாம். செல்வம் என்று பெயரிடுபவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன் என்றால் அது செல்வமன்று, சுமை. அந்தத் தகப்பன் கூறியது தப்புக்கு எதிரான வாதமன்று. தப்பைத் தனது சாதிக்கு மட்டும் விதித்த ஊருக்கு எதிரான குற்றப்பத்திரிகை. அதை மறுக்க எவருக்கும் அருகதை இல்லை. ஆகவே தப்படிக்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் ‘உன் கலையைக் காப்பாற்று’ என்று உபதேசிக்கும் மேடைப் பேச்சாளரை நான் வெறுக்கிறேன். காப்பாற்றும் கடமையும் அவனுக்கே என்றால் பழைய ஏற்பாட்டில் என்ன மாறிற்று?

விதியை முறிப்பதற்கு வழி இரண்டு. தப்பையே கைவிடுவது ஒன்று. அதைத் தேர்ந்தவர்களை நான் மதிக்கிறேன். மற்றது, எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கையிலும் அதைக் கொடுப்பது. கங்காணி பரம்பரை என்று பெருமை பேசும் வீட்டுப் பையனும், கணக்கப்பிள்ளையின் மகளும், ஆசிரியரின் பிள்ளையும் அதைத் தோளில் மாட்டி அடிக்கும் நாளில்தான் அது சாதியின் அடையாளம் என்ற நிலையிலிருந்து விடுபடும். தமிழ்நாட்டில் இத்தகைய முயற்சி ஒன்று பெருமளவில் நடந்திருக்கிறது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் முன்னின்று உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு 2018 ஜனவரியில் சென்னையிலே மேடையேறியது. பறையும் சட்டியும் கானாவும் ஒருபுறம், மின்கிற்றாரும் றொக் இசையும் மறுபுறம். சாதியை எதிர்க்கும் பாட்டுகளை மக்கள் திரள் திரளாக வந்து கேட்டனர். அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து தமது பெயரை எடுத்ததாக அவர்கள் கூறினர்.

ஒரு மாறான உதாரணமும் உண்டு. இலண்டனில் வாழும் ஈழத்தமிழ்ப் பெண்ணாகிய எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட தமது இரண்டாவது இசைத்தட்டுக்குத் தாயின் பெயரையே சூட்டிக் ‘கலா’ என்றார். தமிழ்நாட்டு உறுமி அதிலே முழங்குகிறது. உலகெங்கும் நடனக்கூடங்களில் அது ஒலித்தது. அகதியின் குரலை அத்தனை உரத்து எழுப்பிய துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த உறுமியை அடித்த கைகள் எவருடையவை என்று நடனமாடியவருள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? வேல்ஸ் தொழிலாளரின் பெயர் உறையிலே இருந்தது என்று மேலே நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தொழிலாளர் மேடையிலே பாட்டு எமக்குப் புதிதன்று. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டிய காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடினார். அக்காலத் தமிழ்ப் பெண்ணொருத்தி ஆடவர் கூட்டத்தின் முன்னே நின்று கூலி உரிமையைப் பாடினார் என்பது சாதாரண விஷயமா? சுரங்கத் தொழிலாளரின் மனைவியர்க்குக் கிடைக்காத இடத்தை அவர் தாமே எடுத்துக்கொண்டார். பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாட்டுகளைத் தொகுத்துத் தந்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். 1977 மேயில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பலியானார். அவ்வாண்டுகளின் பெயர்களை மாணவர் பாடப்புத்தகத்திலே காணார், பாட்டிலாவது காணவேண்டாமா? 2018 ஒக்டோபர் 24ஆந் திகதி, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று மலையகத்து இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலிலே கூடினர். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகள், லயத்திலிருக்கும் தாய்க்காகக் கூடிய கூட்டம் அது. அந்த ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வருவதற்கு 2021 மார்ச் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அக்கூட்டத்துக்கு ஓர் இசை இல்லாமற் போனதே என்று நான் இன்றும் வருந்துகிறேன். இசையால் ஆயிரம் ரூபாய் விரைந்து வந்திருக்கும் என்பதற்காக அன்று. அன்று கூடியவர்கள் மறுநாள் தனித்தனியாக வேலைக்குத் திரும்பியபோது, காதிலே எடுத்துச் செல்ல ஒன்று இருந்திருக்கும்.

ஆகவே மாணவரின் கைத்தொலைபேசியைப் பறிக்கும் ஆசிரியரிடம் நான் கேட்பது இது: பறித்த கையால் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்? கலகம் என்று மகிழும் மாணவரிடம் கேட்பது: உங்கள் கலகத்திலே உங்கள் தாய் எங்கே? ஸ்டோருக்குள் நுழைந்து உருளையின் ஓசையைப் பதிவுசெய்ய அதே கைத்தொலைபேசி போதும். கொழுந்து நிறுக்கும் இடத்திலே, தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கிலோ கழிக்கும்போது எழும் பெண்களின் முணுமுணுப்பும் ஓர் ஓசைதான். தப்புக்கும் அந்த முணுமுணுப்புக்கும் உருளைக்கும் நடுவே கிற்றாரும் நிற்கட்டும். அதற்கு நான் விரோதியல்லன். செய்து பார்த்தால் முதலில் விகாரமாகத்தான் இருக்கும். இலண்டன் இளைஞர் பீப்பாயை அடித்தபோதும் கேட்டவர் காதைப் பொத்திக்கொண்டிருப்பர்.

‘இது பரீட்சைக்கு வருமா?’ என்று ஒரு சக ஆசிரியர் வினவினார். வராது. பரீட்சைக்கு வராதவற்றுக்கென்று வாரத்தில் ஒரு பிற்பகலையாவது ஒதுக்க முடியாத பாடசாலை எதற்கு என்ற வாதத்தை வேறொரு சமயத்துக்கு வைத்துக்கொள்வோம். இப்போது எமது மாணவருள் பதினொருவர் பெயர் கொடுத்திருக்கின்றனர். நால்வர் மாணவியர். தப்படிக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர் இருவரே. அவர்களும் எவரும் அழைக்காமல் தாமாக வந்தவர்கள். கற்பிக்க இசைந்திருப்பவர் அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற தொழிலாளி. அவரை ஆசிரியர் ஓய்வறையிலே நாற்காலியில் அமர்த்தி, மற்றவர்க்குத் தரும் கோப்பையிலேயே தேநீர் கொடுப்பது என்று பேசி முடித்துவிட்டோம். அவருக்குரிய கூலியை எந்த நிதியிலிருந்து எடுப்பது என்பது மட்டும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வேண்டும். அது பணமாக, கையொப்பம் வாங்கிக் கொடுக்கப்படும், போத்தலாகக் கொடுப்பதற்கில்லை.